மூன்று ஏன் கீழே போகிறது?

ஜூலை 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

பூச்சி எழுதுகிறேன். நான் நலம். அம்மாவின் தலையில் போட்ட பதினோரு தையலும் பிரித்தாயிற்று. அந்த இடத்தில் முடி முளைக்கிறது. தொட்டால் புல் மாதிரி குத்துகிறது. அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில்தான். ஆறு வாரம் ஆகிறது. கண் விழித்துவிட்டார். யாரோ பின்னாலிருந்து அடித்தார்கள், திரும்பிப் பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது என்று போலீஸிடம் சொன்னாராம். நீதான் என்று நீயே சொல்லிவிட்டதால் அவர்கள் அதற்குமேல் கேட்கவில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பாடு செரிக்கிறதா?

போன வாரம் கம்பி வலைக்குப் பின்னால் நின்று நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சிறைக்குள்ளேயே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாமாமே! கணக்கில் தோற்றுத்தானே நீ லேத் பட்டறைக்குப் போனாய்? இந்த முறை தோற்க மாட்டாய். மார்ச்சில் ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளை நீ அங்கேயும் நான் இங்கேயும் எழுதப்போகிறோம். அதுவரை நான் உனக்கு வாத்தியார். சிரிக்காதே.

உனக்குப் பயம் அடுக்குகளில்தானே, அங்கிருந்தே தொடங்குவோம். x-இன் தலையில் சின்னதாக –2 உட்கார்ந்திருந்தால் (x⁻²) பயப்படாதே. x-ஐக் கோட்டுக்குக் கீழே இறக்கு, மைனஸ் போய்விடும்: 1/x². அவ்வளவுதான். இப்போது 3x⁻² என்பதைச் சுருக்கு. இன்னும் ஐந்து கணக்கு பின்பக்கத்தில்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே, இங்கே எல்லாக் கடிதத்தையும் படித்த பிறகுதான் தருவார்கள் என்றாய். எழுதவில்லை.

அம்மா உன்னை விசாரித்தாள்.

உன் தங்கை,
பூச்சி


ஜூலை 29

பூச்சிக்கு,

நான் சௌக்கியம். நீயும் அம்மாவும் சௌக்கியமா? உன் கடுதாசி வந்துச்சு, கணக்கு வரல. எண்ணு இருந்த எடமெல்லாம் கறுப்பு மை பூசிட்டாங்க. சங்கேத பாஷைன்னு நெனச்சுட்டாங்க.

ரெண்டு காவலருங்க தனியா கூட்டிட்டுப் போனாங்க. "எக்ஸ்ங்கறது யாருடா? மைனஸ் ரெண்டுன்னா எத்தனை மணி? கீழ எறக்குன்னா சுரங்கமா?" "ஐயா, அது பத்தாவது கணக்கு"ன்னேன். "நானும் பத்தாவதுதான்டா. எங்க காலத்துல நம்பர் தரையிலதான் நின்னுச்சு, தலைமேல ஏறல"ன்னு உள்ளங்கால்ல லத்தியால போட்டாங்க. பன்னெண்டு. எண்ணினேன். உன் அண்ணனாச்சே, எண்ணாம இருப்பேனா. ஒரு வாரம் குதிகாலாலயே நடந்தேன். இப்ப பரவால்ல.

கடுதாசிய வெளிச்சத்துல காட்டினா ஒரு வரி மட்டும் மைக்கு அடியில தெரிஞ்சுது. போட்டுப் பாத்தேன்:

3x⁻² = 1/(3x²)

சரிதானே? அம்மாவுக்குத் தலைவலி இல்லையே?

அண்ணன்


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில், இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கும் ஐயாவுக்கு என் வணக்கம். ஐயா, இது சங்கேதம் இல்லை. பாடப் புத்தகத்தின் 94-ஆம் பக்க நகலைத் தலைமையாசிரியை கையெழுத்துடன் இணைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், தயவுசெய்து அண்ணாவின் காலில் போட வேண்டாம்.

அண்ணா, உன் பாதம் ஆறிவிட்டதா? உப்பு போட்ட வெந்நீர் கிடைத்தால் வைத்துக்கொள்.

உன் விடை தவறு. எல்லோரும் செய்யும் தவறுதான், ஆனாலும் தவறு. மைனஸ் யார் தலையில் இருக்கிறது? x-இன் தலையில். 3-இன் தலையில் ஒன்றுமே இல்லை. பிறகு 3 ஏன் கீழே போகிறது? அது எந்தக் குற்றமும் செய்யவில்லை. x மட்டும் இறங்கும், 3 மேலேயே நிற்கும்: 3/x². தவறாக எழுதிவிட்டால் கிறுக்காதே. ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே சரியாக எழுது. அப்படி அடித்து எழுதினால் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இனி லாரி ஓட்ட முடியாதாம். ஒரு காது கேட்கவில்லை. இடது கை மணிக்கட்டுக்குக் கீழே செத்துவிட்டது. வலது கை நன்றாக வேலை செய்கிறது. அம்மாவின் கண் வீக்கம் நேற்றிலிருந்து குறைந்திருக்கிறது.

உன் தங்கை,
பூச்சி


செப்டம்பர் 2

பூச்சி,

சௌக்கியம்னு எழுதணும், எழுதிட்டேன். இந்த எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தா திட்டாத, எடது கையால எழுதறேன்.

உன் 94-ஆம் பக்கம் வந்த பெறகு கணக்கு மேல மை பூசறதில்ல. கடுதாசி படிக்கிற ஐயா என்னைக் கூப்பிட்டு, "உன் தங்கச்சி எனக்கே பாடம் எடுக்குறாளேப்பா"ன்னாரு. கண்ணாடி போட்ட மனுஷன், சிரிச்சா கூட மூஞ்சி அசையாது. இந்தத் தடவ பின்பக்கத்துல நீ குடுத்த அஞ்சு கணக்கையும் அவரே பென்சில்ல போட்டு வெச்சிருந்தாரு. ரெண்டு தப்பு. நான் சொல்லல.

வலது கையை ஒருத்தன் ஒடச்சிட்டான். கூட இருக்கற கைதி, வாளின்னு பேரு, ஒரு ஆளை வாளியால அடிச்சுட்டு உள்ள வந்ததால. என் கணக்கு நோட்டுல நாலு பக்கம் கிழிச்சு பீடி சுத்திட்டான். "டேய் கணக்குப்பிள்ள, உன் தங்கச்சி எழுத்து நல்லா பொகையுதுடா"ன்னான். காதைக் கடிச்சிட்டேன். கொஞ்சம் வாயிலயே வந்துருச்சு. அவன் என் வெரலைக் கதவு எடுக்குல வெச்சு இரும்புக் கதவை இழுத்தான். ரெண்டு வெரல். பத்து நாள் தனி அறை.

தனி அறையில செவுத்துல ஆணியால போட்டுப் பாத்தேன். திரும்பவும் மூணைக் கீழ எறக்கிட்டேன். எனக்கு என்னமோ மூணும் எக்ஸும் ஒட்டிக்கிட்டு ஒரே வூட்ல இருக்கறாப்பல தெரியுது. ஒண்ணு கீழ போனா இன்னொண்ணு மேல நின்னு வேடிக்கை பாக்குமா? என்ன பூச்சி நியாயம் இது?

அந்தாளோட வலது கை வேலை செய்யுதுன்னு எழுதினியே. அம்மா கண்ணு ஏன் வீங்குச்சு? பதில் எழுது.

அண்ணன்


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம், அம்மா நலம். உன் விரல்களுக்குக் கட்டு போட்டார்களா? கோணலாகச் சேர்ந்துவிடப் போகிறது, கேட்டு வாங்கிக்கொள். வாளியின் காதுக்கும் மருந்து போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உன் எழுத்து கோழி கிளறியது மாதிரி இல்லை. கோழி அழகாகவே கிளறும்.

இன்று பின்ன அடுக்கு. 27⁻²ᐟ³. மைனஸை விடு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கீழே இருக்கும் 3 கனமூலம் கேட்கிறது, மேலே இருக்கும் 2 வர்க்கம் கேட்கிறது. வர்க்கத்தை முதலில் போட்டால் 729 வரும். அதற்குக் கனமூலம் தேடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாய். மூலத்தை முதலில் எடு. 27-க்கு 3. பிறகு வர்க்கம், 9. பிறகு மைனஸ், 1/9. எப்போதும் மூலம்தான் முதலில், அண்ணா. பெருக்கிக்கொண்டே போனால் கை நடுங்கும் அளவுக்குப் பெரிதாகிவிடும். நீ வாளியிடம் வர்க்கத்தை முதலில் போட்டுவிட்டாய்.

இனி கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாதே. பள்ளி நூலகத்துக்கு எழுது. நூலகத்தில் இருக்கும் அக்கா வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். உன் போன கடிதம் அப்பாவின் கையில் மாட்டியது. "என் மண்டையை ஒடச்சவனுக்கு வாத்தியார் வேலை பாக்குறியா?" என்றார். என் கணக்கு நோட்டை அடுப்பில் வைத்து, அது பற்றிக்கொள்ளும்வரை என் பின்னங்கழுத்தைப் பிடித்து அருகிலேயே குனிய வைத்திருந்தார். ஒரு புருவம் மட்டும் பொசுங்கியது. வகுப்பில் எல்லோரும் நான் எப்போதும் ஆச்சரியப்படுவது போல் இருக்கிறேன் என்கிறார்கள்.

நோட்டை மறுபடி எழுதிவிட்டேன்.

உன் தங்கை,
பூச்சி


அக்டோபர் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? உன்னிடமிருந்து ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. ஆனால் போன திங்கட்கிழமை நீதிமன்றத்தில் உன்னைப் பார்த்தேன். இளைத்துவிட்டாய். மூன்றாவது பெஞ்சில் நான் இருந்ததை நீ பார்க்கவில்லை, அல்லது பார்க்காதது போல் இருந்தாய்.

நீதிபதி உன்னிடம் பொறுமையாகத்தான் கேட்டார். "தலையில அடிச்சது அம்மாவைக் காப்பாத்த. சரி. அவர் விழுந்த பிறகு கையில ஏன்பா அடிச்சே?" நீ தரையைப் பார்த்து, "கோவம் சார்" என்றாய். அவர் எழுதிக்கொண்டார். நம் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். விழுந்தவனைக் கோபத்தில் அடிப்பதுதான் வருடங்களைக் கூட்டுமாம். வெளியே வந்ததும் சொன்னார். அம்மாவைக் கேட்டார்கள். "மயங்கிட்டேங்க. ஒண்ணும் பாக்கல" என்றாள்.

அண்ணா, விடையை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். படிகள் வேண்டும். உன்னிடம் படிகள் இல்லை. நான் என் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பூச்சி


நவம்பர் 10

பூச்சிக்கு,

உயிரோட இருக்கேன். உன் கடுதாசியில பாதி மை. வழக்கு பத்தி எழுதினா பூசிடுவாங்க, அது ஐயாவோட வேலை. பூசாத பாதியே எனக்குப் போதும், உன் புத்தி எங்க போகுதுன்னு தெரியுது.

நல்லா கேட்டுக்க. நீ அன்னிக்கு மேசையில ஒக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டு இருந்த. அவ்ளோதான். இன்னொரு தடவ படி, அடின்னு எதாவது எழுதின, நான் புஸ்தகத்தைக் கிழிச்சு வாளிகிட்டயே குடுத்துருவேன், அவன் பீடி சுத்தட்டும். பரீட்சையும் எழுத மாட்டேன்.

மூணு கீழ போனா போவட்டும். அதுக்கு இடுப்புல பலம் இருக்கு. கணக்கு மட்டும் எழுது.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

அண்ணன்


ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

கணக்கு மட்டும் எழுது என்றாய். இரண்டு மாதமாக அப்படித்தான் எழுதினேன், நீயும் விடை மட்டும் அனுப்பினாய். 64⁻⁵ᐟ⁶ சரியாகப் போட்டிருக்கிறாய், மூலத்தை முதலில் எடுத்திருக்கிறாய், மகிழ்ச்சி. ஆனால் எண் முன்னால் வரும்போதெல்லாம் இன்னும் அதையும் கீழே இழுக்கிறாய். வேண்டுமென்றே செய்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

இன்று கணக்கோடு ஒரு செய்தியும் உண்டு. நாங்கள் இப்போது அந்த வீட்டில் இல்லை. அம்மா வேலை செய்யும் தையல் கூடத்தின் பின்னறையில் இருக்கிறோம். துணிக் கட்டுகளுக்கு நடுவே தூங்குகிறோம். மெத்தென்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர் சூடாக இல்லை என்று அப்பா அம்மாவின் வாயில் சொம்பால் அடித்தார். முன்பற்கள் இரண்டு தரையில் விழுந்து, ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டது. நான் நடுவில் போனேன். என் காதில் அறைந்தார். உள்ளே இன்னும் தையல் மெஷின் ஓடுவது போல் சத்தம் கேட்கிறது. பிறகு அவர் அம்மாவைக் கீழே தள்ளி, முழங்காலால் கழுத்தை அழுத்தினார். கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை வீட்டில் இல்லை, சாட்சிப் பொருளாகப் போலீஸிடம் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் நின்றேன்.

அம்மா கீழே கிடந்தபடி என் முகத்தைப் பார்த்தாள். பேசவே முடியாத தொண்டையில், "மறுபடியுமா? வேணாம்டி" என்றாள்.

அப்பா திரும்பினார். என்னையும் பெட்டியையும் பார்த்தார். ஏனோ எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா பல்லைத் தேடக்கூட நிற்கவில்லை. என் கையிலிருந்து பெட்டியை வாங்கி வைத்து, இணைப்பைப் பிடுங்கி, புத்தகப் பையை என் தோளில் மாட்டி, தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தாள். வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ரெண்டும் என் வயித்துல பொறந்ததுங்க. எதைக் குடுத்து எதை வெச்சிக்கறதுன்னு எந்தக் கோர்ட்லடி கேட்பேன்?"

இதற்குமேல் எழுத மாட்டேன். நீ சொன்னபடி.

உன் தங்கை,
பூச்சி


பிப்ரவரி 14

பூச்சி,

அம்மா வாய் ஆறிடுச்சா? உன் காதை டாக்டர்கிட்ட காட்டினியா? வெளிய வந்துட்டீங்கன்னு படிச்சதும் ராத்திரி சோத்தை முழுசா தின்னேன்.

ஐயா கூப்பிட்டாரு. உன் கடுதாசியை மேசையில விரிச்சு வெச்சு, ஒரு வார்த்தை மேல பென்சிலை வெச்சாரு. "இந்த மறுபடியுமா-ங்கறது என்னப்பா?" "எழுதறப்ப தவறியிருக்கும் ஐயா, சின்னப் பொண்ணு"ன்னேன். "ஆறு மாசமா படிக்கிறேன். இந்தப் பொண்ணு ஒரு புள்ளி கூடத் தவறவிட்டு நான் பாத்ததில்ல"ன்னாரு. ஆனா மை பூசல.

தீர்ப்பு வந்துருச்சு. ஏழு வருஷம். மொத அடிக்கு ரெண்டு, கையில போட்ட அடிக்கு அஞ்சுன்னு வெச்சுக்க. அழாத. மார்ச் 18 பரீட்சை. நீ நூறு வாங்கலன்னா நான் உள்ள இருக்கறது வீண். சொல்லிட்டேன்.

அண்ணன்


மார்ச் 18, மாலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

பரீட்சை முடிந்தது. நீயும் எழுதியிருப்பாய். இனி நீ புத்தகத்தைக் கிழித்தாலும் பரவாயில்லை. இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

கடிதத்தைப் படிக்கும் ஐயா, வணக்கம். எல்லாக் கடிதத்தையும் படிக்கிறார்கள், அதனால் எழுதாதே என்று அண்ணா சொன்னான். படிக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். இதில் மை பூசாதீர்கள். தேதி போட்டு, முத்திரை குத்தி, உங்கள் மேலதிகாரியிடம் காட்டிவிட்டு, பிறகு அண்ணாவிடம் கொடுங்கள்.

அன்று ஞாயிறு மத்தியானம். அம்மா தையல் மெஷினில் இருந்தாள். மெஷின் சத்தத்தில் அப்பா கதவைத் தட்டியது அவளுக்குக் கேட்கவில்லை. நான் போய்த் திறந்தேன். அவர் நேராகப் போய் அம்மாவின் முடியை இடது கையில் இரண்டு சுற்று சுற்றி, அவள் தலையை மெஷினின் இரும்பு விளிம்பில் மோதினார். நான்கு முறை. மெஷின் சக்கரம் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. நான்காவது முறை அம்மாவிடமிருந்து சத்தமே வரவில்லை. நான் கதவுக் கட்டையை இரண்டு கையாலும் எடுத்து அவர் காதுக்குப் பின்னால் அடித்தேன். ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போல் கேட்டது.

அவர் மண்டியிட்டு, குப்புற விழுந்தார். ஆனால் கை திறக்கவில்லை. விழுந்த கனத்தில் அம்மாவும் கூடவே இழுபட்டாள். உச்சித்தோல் துணி கிழிவது போல் கிழிந்து தனியே வருவதை நான் பார்த்தேன். விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு உடைந்தது. கை திறந்தது. இரண்டாவது அடிக்குக் காரணம் கோபம் இல்லை. நீதிபதி கேட்டதற்கு இதுதான் விடை, படிகளோடு. இது உனக்குத் தெரியாது, அண்ணா, ஏனென்றால் நீ அங்கே இல்லை.

பட்டறையிலிருந்து கை முழுக்கக் கிரீஸோடு நீ சாப்பிட வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் கையிலிருந்து கட்டையை வாங்கி, உன் கிரீஸ் கையால் அதை நுனியிலிருந்து நுனிவரை தடவினாய். "போய் மூஞ்சி கழுவு. நீ கணக்குப் போட்டுக்கிட்டு இருந்த" என்றாய். நான் கழுவினேன். பத்து மாதமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

நாளைக் காலை அம்மாவும் நானும் வக்கீலுடன் காவல் நிலையத்துக்குப் போகிறோம். அம்மாவும் தான் பார்த்ததைச் சொல்லப்போகிறாள். அவள் மயங்கவில்லை. பதினெட்டு நிறையாதவர்களை விசாரிக்கும் இடம் வேறு, அங்கே காரணத்தைக் கேட்பார்கள் என்று நூலகத்தில் படித்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

மைனஸ் என் தலையில் இருக்கிறது, அண்ணா. நீ மேலே வா.

உன் தங்கை,
பூச்சி


ஏப்ரல் 9

பூச்சிக்கு,

உன்னை வெச்சிருக்கற விடுதி விலாசத்தை வக்கீல் குடுத்தாரு. நல்லா இருக்கியா? ஜன்னல் இருக்கா? மத்த பொண்ணுங்க அடிக்கறாங்களா? அடிச்சா மூலத்தை மொதல்ல எடு. முடியலன்னா காதைக் கடி.

உன் கடுதாசியை ஐயாவே கையில கொண்டாந்து குடுத்தாரு. ஒரு பொட்டு மை இல்ல. ஒவ்வொரு பக்கத்துலயும் முத்திரை, தேதி, கையெழுத்து. "நகல் மேல போயிருச்சு. இனி நீ மென்னு முழுங்கினாலும் பிரயோஜனம் இல்ல"ன்னாரு. நான் அவர் சட்டையைப் பிடிச்சேன். பெறகு செவுத்துல தலையால முட்டினேன், ரத்தம் கண்ணுல எறங்கற வரைக்கும். வாளிதான் பின்னாலேர்ந்து கட்டிப் பிடிச்சு இழுத்தான், அரைக் காதோட. "விடுடா கணக்குப்பிள்ள, அவ உன்னைவிட ஆம்பளடா"ன்னான். நாலு தையல். அம்மாவுக்குப் பதினொண்ணு, எனக்கு நாலு. போவுது.

வக்கீல் புது வாக்குமூலம் குடுக்கச் சொன்னாரு. பத்து நாள் மாட்டேன்னேன். நேத்து அம்மா வந்தா. கம்பி வலையில நெத்தியை வெச்சு நின்னா. பல்லு இல்லாத வாயால, "ஒருத்தி உண்மையச் சொல்லிட்டு உள்ள போயிருக்கா. நீ பொய் சொல்லிக்கிட்டு உள்ள இருக்க. எனக்கு ரெண்டு பேருமே வெளிய வேணும்டா"ன்னா. சாயங்காலம் கையெழுத்துப் போட்டேன். உன் காரணத்தைக் கோர்ட்டுல படிச்சாங்கன்னா, நான் வெளிய வர ரெண்டு மாசம்னு வக்கீல் சொல்றாரு. உனக்கு அதுகூட ஆகாதாம். பாப்போம்.

உன்கிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. பரீட்சையில பதினாலாவது கேள்வி, 5x⁻³ஐச் சுருக்குன்னு. பழக்கதோஷம், அஞ்சையும் சேத்துக் கீழ எறக்கிட்டேன். பேனாவை வெச்சுட்டேன். கடைசி மணிக்குக் கொஞ்சம் முன்னால என்னமோ தோணிச்சு. கிறுக்கல. ஒரே கோடா அடிச்சேன். அடியில 5/x³னு எழுதினேன்.

உன் கடுதாசி எனக்கு வர்றதுக்கு முன்னாடியே பண்ணினது, பூச்சி, அது. வந்த பெறகு இல்ல.

அங்க கடுதாசி படிக்கிற அம்மாவுக்கு என் வணக்கம். அம்மா, பின்பக்கம் இருக்கற அஞ்சும் கணக்குதான். சங்கேதம் இல்ல. மை பூசாம அவகிட்ட குடுங்க.

அண்ணன்